கனைத்துவிட்டு வருகிறவர்

ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். உடம்பு சரியில்லை என்றாலும் நீங்கள் எழுதப்போவதில்லை. போனில் கேட்கலாம் என்றால் நான் சொல்வதில் பாதியைக் கேட்கிறீர்கள், மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்கிறீர்கள். அதனால் கடிதமே மேல்.

அகராதி அலுவலகத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் பிள்ளை கண்ணை மூடியதற்கு அப்புறம் நான் மூலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, நீங்களே பெட்டியைக் கட்டி என்னை பஸ்ஸில் ஏற்றினீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் எனக்குக் கோபம். இப்போது அந்தப் பெட்டியைப் பார்த்தாலே கும்பிடத் தோன்றுகிறது.

மாடியில் நீளமான அறை, நடுவில் ஒரே மேசை, சுற்றி ஐந்து பேர். ஜன்னல் சரியாகச் சாத்தாது. காற்றடித்தால் சொற்சீட்டுகள் பறக்கும். பிழை திருத்துபவர்தான் பழைய செருப்பு ஒன்றை மடித்து அதற்கு முட்டுக் கொடுத்தார். எல்லோரும் இப்போது ‘க’ வரிசையில் இருக்கிறோம். என் பங்குக்கு வந்த சீட்டுகளில் ‘கனைப்பு’ இருக்கிறது. குதிரையின் குரல் என்று எழுதிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் முப்பது வருஷம் குதிரையேற்றப் பள்ளியில் இருந்தவர் வீட்டில் வாழ்ந்துவிட்டு அப்படி எழுதினால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். எத்தனை விதமாகக் கனைக்கும், எதற்கெல்லாம் கனைக்கும் என்று எழுதுங்கள்.

மழை பிடித்துக்கொண்டது. பிழை திருத்துபவர் நனைந்துகொண்டே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். வீட்டுக்குப் போகும்போது நான் கொடுத்த குடை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இன்னொரு விஷயமும் உங்களிடம் கேட்க வேண்டும். அவசரமில்லை, இன்னொரு நாள்.

உங்கள் மருமகள்


ஜூன் 13

மருமகளுக்கு,

கடிதம் வந்தது. மூட்டுவலி நலமாக இருக்கிறது, நான்தான் கொஞ்சம் சோர்ந்திருக்கிறேன்.

கனைப்பு கேட்டாயே. நேற்று பட்டாணியை, அதுதான் அந்தக் குட்டைக் குதிரையை, லாடம் அடிக்க வெளியே கூட்டிப் போனார்கள். கறுப்புக் குதிரை மிளகு இங்கே ஒரே ரகளை. தலையைத் தூக்கி, வாயைத் திறந்து, உடம்பெல்லாம் குலுங்க ஒரு கனைப்பு. அது ‘எங்கே போய்த் தொலைந்தாய்’ என்று கேட்கிற கனைப்பு. பட்டாணி திரும்பி வந்ததும் வாயே திறக்கவில்லை, மூக்குத் துளை மட்டும் படபடக்க அடித்தொண்டையில் ஒன்று. அது ‘வந்தாயா, சரி’ என்கிற கனைப்பு. குட்டி போட்ட குதிரையும் குட்டியிடம் இப்படித்தான் பேசும். எனக்குக் காது மந்தமான பிறகு கனைப்பு கண்ணுக்குத்தான் முதலில் வருகிறது. விலா ஆடுவதைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

எருமையும் கனைக்கும் என்று சொல்கிறார்கள். எருமை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததில் மூக்கை நுழைப்பதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பிழை திருத்துபவர் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தார், பிழை திருத்துபவர் டீ வாங்கி வந்தார், பிழை திருத்துபவரிடம் குடை இருக்கிறது. மேசையைச் சுற்றி ஐந்து பேர் என்றாயே, மற்றவர்கள் எல்லாம் பொம்மையா? அந்த ‘இன்னொரு விஷயம்’ என்ன? இன்னொரு நாள் என்று தள்ளாதே. எனக்கு வயசாகிறது.

மாமா


ஜூன் 20

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் சொல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லும்போதே மற்றதும் வந்துவிடும்.

சீட்டில் மூன்று பொருள் எழுதினேன். குதிரை, எருமை, மூன்றாவது மனிதன். உள்ளே இருப்பவர்களுக்குத் தான் வருவதைத் தெரிவிக்கத் தொண்டையால் எழுப்பும் ஒலி. பதிப்பாசிரியர் மூன்றாவதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். "அது செருமல்ம்மா. மனுஷனுக்குச் செருமல், குதிரைக்குக் கனைப்பு. குழப்பாதே" என்றார். நான் விடவில்லை. "சளி இருந்தா செருமுவாங்க சார். வாசல்ல நின்னு கனைக்கிறது அடுத்தவங்களுக்காக" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் நாங்கள் சாப்பாட்டு அறையில் அவரைப் போலவே மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டி நடித்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். கதவுக்கு வெளியே பெரிதாக ஒரு கனைப்பு. எல்லோரும் கப்சிப். உள்ளே வந்து எங்கள் முகத்தைப் பார்த்தவர் தானே சிரித்துவிட்டார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இந்தச் சொல்லைத் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருக்கிறது மாமா. அடர்ந்த இருட்டையும் கொட்டுகிற மழையையும்கூடப் பழைய பாட்டுகளில் ‘கனை’ என்ற சொல்லை வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் பேச எழுந்தவர் கனைக்கிறார், கடன் கேட்க வந்தவர் கனைக்கிறார், பிள்ளைகள் அளவுக்கு மீறிப் பேசினால் பெரியவர் கனைக்கிறார். ஆனால் எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரே ஒரு கனைப்புதான் கேட்கிறது.

உங்கள் பிள்ளை போன பிறகு நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீர் சத்தத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைப்பு. நடைபாதைத் திருப்பத்தில் நீங்கள் கனைப்பீர்கள். உடனே உள்ளே வரமாட்டீர்கள். செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். நான் முகம் கழுவித் துடைத்து முடித்ததும் வந்து "டீ இருக்கா" என்பீர்கள். ஒரு நாள்கூட ஏன் அழுகிறாய் என்று கேட்டதில்லை. ஒரு நாள்கூடக் கனைக்காமல் வந்ததும் இல்லை. எனக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. அந்த வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் போனதற்கு உங்கள் தொண்டைதான் காரணம். இதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு வந்ததே இல்லை.

எங்கள் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் நாங்களே எழுத வேண்டும். பிழை திருத்துபவர் ஒரு நாள் என் சீட்டுகளை மேசையில் பரப்பி வைத்தார். கடிவாளம்: மாமா கடிவாளத்தைத் துடைத்து ஆணியில் மாட்டினார். கண்டிப்பு: மாமாவின் கண்டிப்பு குதிரைகளிடம் மட்டும்தான் செல்லும். கண்ணாடி: மாமா கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே அதைத் தேடினார். "இந்த அகராதி முழுக்க ஒரு மாமா நடமாடுறாரே, யார் அவர்?" என்று கேட்டார். சொன்னேன். அன்று முழுக்க உங்களைப் பற்றியே பேசினோம். பேசப் பேச எனக்கே தெரியாமல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவரும் மனைவியை இழந்தவர். குழந்தை இல்லை. போன மாதம் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்க மாமாவைக் கேளுங்க" என்றார்.

எனக்கும் இஷ்டம்தான் மாமா. மறைக்க மாட்டேன். பயம் ஒன்றுதான். உங்கள் பிள்ளை வழியாகத்தான் நீங்கள் எனக்கு மாமா. நான் இன்னொருவர் மனைவியாகிவிட்டால் நீங்கள் எனக்கு யார்? உங்களை இழந்துதான் இந்தக் கல்யாணம் என்றால் எனக்கு அது வேண்டாம்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 12

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் இல்லை. தபால்காரர் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டாலே எழுந்து கதவருகே போய்விடுகிறேன். போன் செய்தேன், எடுத்த பையன் "ஐயா நல்லா இருக்காரு, லாயத்துல இருக்காரு" என்றான். நல்லா இருக்கிறவர் ஏன் எழுதவில்லை என்று எனக்குப் புரிகிறது.

அவசரப்பட்டுவிட்டேன். உங்கள் பிள்ளையின் போட்டோ அந்தச் சுவரில் இருக்கும்போதே உங்களிடம் போய் இதைக் கேட்டிருக்கக் கூடாது. பிழை திருத்துபவரிடம் சொல்லிவிட்டேன், இந்தப் பேச்சு வேண்டாம் என்று. "சரி" என்றார். ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடிதத்தின் கீழே என்ன போட்டு முடிப்பது என்றே தெரியவில்லை. அதனால் வெறுமனே முடிக்கிறேன்.


ஜூலை 17

மருமகளுக்கு,

கீழே போட வேண்டியதைப் போடாமல் விட்டால் என்ன அர்த்தம்? அடுத்த தடவை ஒழுங்காகப் போடு.

கோபமில்லை என்று சொன்னால் அது பொய். கோபம்தான். மூன்று வாரம் கோபமாக இருந்தேன். குதிரைகளுக்குத் தீனி வைக்கும்போதும் கோபம், படுத்தாலும் கோபம். யார் மேல் என்று யோசித்துப் பார்த்தேன். உன் மேல் இல்லை. அந்தப் பிழைக்காரர் மேலும் இல்லை. என் பிள்ளை மேல்தான். இவ்வளவு நல்ல பெண்ணை இப்படிக் கேள்வி கேட்க வைத்துவிட்டுப் போய்விட்டானே என்று. செத்தவன் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? அது தணிகிற வரைக்கும் பேனாவைத் தொட வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் நீ எல்லாவற்றையும் கலைத்து வைத்திருக்கிறாய்.

உன் கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது. அந்த மனுஷனிடம் காட்டியிருந்தால் திருத்தியிருப்பார். உனக்காகத்தான் கனைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். பாதிதான் சரி. செருப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்றாயே, அதில் யாருடைய செருப்பு இருந்தது? என் முகத்தைத் துடைத்துக்கொள்ள எனக்கு நேரம் வேண்டாமா? நீ குழாயை மூடுகிற வரை நான் நின்றேன் என்று நீ நினைத்தாய். நான் தயாராகிற வரை நீ குழாயை மூடவில்லை என்று நான் நினைத்தேன். ‘டீ இருக்கா’ என்று நான் கேட்ட அத்தனை நாளும் டீ இருந்தது. அதற்கு நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். உன் மாமியார் போன பிறகு அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை நீதான்.

இப்போது உன் வாசலில் நின்று கனைக்கிறேன். உள்ளே வந்து சொல்கிறேன், கேள். கல்யாணம் செய்துகொள். அந்தக் குடையைத் திரும்ப அவரிடமே கொடு. மூத்தவன் நான் சொல்கிறேன், முழுமனசாகச் சொல்கிறேன்.

ஆனால் இனி வாராவாரம் எனக்கு எழுத வேண்டாம். புது வீடு, புது மனிதர்கள். பழைய மாமனார் ஒருவன் நடுவில் நின்றால் யாருக்கும் நன்றாக இருக்காது. நல்ல நாளுக்கு ஒரு வரி போட்டால் போதும்.

மாமா


ஜூலை 22

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்து அழுதேன். கடைசிப் பத்தியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். யாரைக் கேட்டு இந்த முடிவு? பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏற்றியது போதாது என்று இப்போது கடிதத்திலும் வழியனுப்புகிறீர்களா?

வாராவாரம் எழுதுவேன். படிக்க இஷ்டமில்லை என்றால் மிளகுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். அவர் ஒல்லியாக இருப்பார், சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார், ஆனால் சுவரில் மாட்டிய காலண்டரில் பிழை இருந்தாலும் சொல்லிவிடுவார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்காகக் கீழே போடுகிறேன்:

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 21

மருமகளுக்கு,

போன மாதம் இங்கே வந்து விழுந்தாரே, அவர் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது? பட்டாணி யாரையும் தள்ளாது. அவர் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, லாயத்துப் பலகையில் ‘கடிக்கும்’ என்பதில் ஒரு எழுத்து குறைகிறது என்று கையை நீட்டிக் காட்டினார் பார், அதில்தான் சரிந்தார். ஒரு சொட்டுக்கூட அழவில்லை, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் முதலில் பட்டாணியிடம்தான் மன்னிப்புக் கேட்டார். ஆள் பரவாயில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். நீ உள்ளே பாத்திரம் கழுவும்போது அவர் என் பிள்ளையின் போட்டோ முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் பார்த்ததும் கூச்சப்பட்டு, "கண்ணு உங்களை மாதிரியே இருக்கு" என்றார். அதற்கு அப்புறம் அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை.

கல்யாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறாய். வருகிறேன். ஆனால் ஒரு சங்கடம். யாராவது ‘நீங்க யாரு’ என்று கேட்டால் என்ன சொல்ல? மாப்பிள்ளையின் அப்பாவும் அக்காவும் வருவார்கள். பழைய கதையை எல்லார் நடுவிலும் அவிழ்த்து வைத்து அன்றைக்கு உன் முகம் வாட வேண்டாம். ‘தெரிஞ்சவர்’ என்று சொல்லிக்கொள்கிறேன். அது பொய் இல்லை. உன்னை எனக்கு நன்றாகத் தெரியும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். குதிரைகளுக்குத் தீனி வைக்க ஆளில்லை.

மாமா


செப்டம்பர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

பஸ் நிலையத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னேன். நீங்கள் "ஆமாமா, ஜன்னல் சீட்டுதான்" என்றீர்கள். அங்கே இருந்த இரைச்சலில் கத்தவும் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

‘தெரிஞ்சவர்’ என்ற உங்கள் யோசனைக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதினால் சண்டை வரும், சண்டை வந்தால் நீங்கள் வரமாட்டீர்கள். வந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த வார்த்தை என்னை அரித்துக்கொண்டே இருந்தது. சொல்லுக்குப் பொருள் எழுதிப் பிழைக்கிறவள் நான். உங்களுக்கு அது பொருளில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் வாயாலேயே அதைச் சொல்லக் கேட்கப்போகிறோமே என்று அன்று காலையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். உங்களை வெளியே மேசையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா நிறுத்திவைத்தார். நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். காது மந்தமானவர்கள் மெல்லப் பேசமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது போல. உள்ளே ஒரு சொல் விடாமல் கேட்டது.

"பெரியவரே, பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

பதில் வரவில்லை. குமாஸ்தா குரலை உயர்த்தி மறுபடியும் கேட்டார். முதல் தடவையே உங்களுக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமனார்" என்றீர்கள்.

"மாப்பிள்ளையோட அப்பாவா? அப்ப அந்தப் பக்கம் வாங்க."

"மாப்பிள்ளையோட அப்பா அதோ உக்காந்திருக்காரு. நான் பொண்ணோட மாமனார்."

"அதான் கேக்கறேன். மாப்பிள்ளைக்கு அப்பாதானே பொண்ணுக்கு மாமனார்?"

"அவரு இன்னைலேருந்து. நான் முன்னாடியே."

எங்கள் முன்னால் இருந்த அதிகாரிகூட எழுதுவதை நிறுத்திவிட்டுத் தடுப்பைப் பார்த்தார். குமாஸ்தா பாவம், நல்ல மனுஷன்தான், குழம்பிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார். "ஐயா, அப்படி ஒரு உறவே கிடையாதுங்களே."

"கிடையாதா?" என்றீர்கள். அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். "பின்ன விடியறதுக்கு முன்னாடி எழுந்து, சட்டையை இஸ்திரி போட்டு, பஸ் புடிச்சு வந்து உங்க முன்னாடி நிக்கிறேனே, இது யாரு?"

என் பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் பக்கமாக மேசையில் நகர்த்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். வெளியே அவருடைய அப்பா எழுந்து வந்து, "போட்டுக்கங்க சார், அவரும் மாமனார், நானும் மாமனார், பொண்ணு கொடுத்து வச்சவ" என்று சொன்னது கேட்டது. குமாஸ்தா பேனாவை உங்களிடம் கொடுத்திருப்பார். நீங்கள் போட்ட கையெழுத்தைப் பிறகு பார்த்தேன். அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே வந்திருந்தது.

பஸ் நிலையத்தில் நான் சொன்னது இதுதான் மாமா. மூன்று மாதமாக உங்களை இழந்துவிடுவேன் என்று பயந்துகொண்டே இருந்தேன். அந்தப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட பிறகு அந்தப் பயம் எனக்குத் துளியும் இல்லை. நீங்கள் எனக்குக் கொடுத்ததற்கெல்லாம் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. நன்றாக வாழ்ந்து காட்டுகிறேன்.

உங்கள் மருமகள்